கடலடியில் தொலைந்த சந்தோஷம்

வாசலில் கோலம் போடுகிற பெண்ணிடம் போய், "ஏனம்மா போடுகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டு அடுத்த புள்ளியை வைப்பாள். அவளுக்கே காரணம் தெரியாது. போடப் பிடிக்கிறது, போடுகிறாள்; அவ்வளவுதான்.

அதே பெண்ணைக் கோலப் போட்டியில் சேர்த்துவிடுங்கள். மார்பில் ஓர் எண்ணைக் குத்தி, "நாற்பது நிமிஷம்தான்" என்று மணியடித்து, பக்கத்துக் கட்டத்தில் இன்னொருத்தியையும் உட்கார்த்தி வையுங்கள். கை அதே கைதான். மாவும் அதே மாவுதான். ஆனால் புள்ளி நடுங்குகிறது! பரிசு கிடைத்தால் ஒரு வாரம் சந்தோஷம். கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் வருத்தம். சில பேர் அப்புறம் வாசலில் போடுவதைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். "எனக்கு முன்னைப் போல் வரவில்லை" என்கிறார்கள். வராமல் போனது கோலம் அல்ல. அதில் இருந்த சந்தோஷம்.

இந்தச் சங்கடம் சங்கீதத்தில் உண்டு, நாட்டியத்தில் உண்டு, பரீட்சைக்குப் படிக்கிற படிப்பில் கேட்கவே வேண்டாம். இந்த வாரம் நான் சொல்லப் போவது இன்னொரு வித்தையைப் பற்றி. அதில் சந்தோஷம் தொலைந்தால் பரிசு மட்டும் போகாது. சில சமயம் பிராணனே போய்விடும். அதனால் தொலைந்த சந்தோஷத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி என்பதை அந்த வித்தைக்காரர்கள் நம்மைவிட நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு மூச்சு

முதுகில் பிராணவாயு உருளை கிடையாது. மூக்கில் குழாய் கிடையாது. கரையில் எடுத்த ஒரே மூச்சோடு கடலுக்குள் போய்த் திரும்பி வரவேண்டும். இதுதான் மூச்சடக்கி மூழ்கும் விளையாட்டு. பணக்காரர்களின் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். மனித ஜாதி ஆதி நாளிலிருந்து செய்து வந்த காரியந்தான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தார்களே, சங்கு குளித்தார்களே, அவர்களும் இப்படித்தான் போனார்கள். நேற்றுப் பிழைப்பாக இருந்தது இன்று போட்டியாகியிருக்கிறது. இதற்கென்று 1992-ல் ஆரம்பித்த சர்வதேசச் சங்கம் ஒன்றும் இருக்கிறது.

போட்டி எப்படி நடக்கிறது? கடலில் ஒரு கயிற்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அதன் நுனியில் ஒரு தட்டு. தட்டில் சின்னச் சின்ன அடையாளச் சீட்டுகள். எத்தனை மீட்டர் போகப் போகிறோம் என்பதைப் போட்டியாளர் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் அந்த ஆழத்துக்குப் போய், ஒரு சீட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே வரவேண்டும். வந்தால் மட்டும் போதாது. முகக் கண்ணாடியைக் கழற்றி, விரலால் ஜாடை காட்டி, "நான் நன்றாயிருக்கிறேன்" என்று வாயாலும் சொல்ல வேண்டும். எல்லாம் 15 விநாடிக்குள். சொன்னால் நடுவர் வெள்ளை அட்டை காட்டுவார். தடுமாறினாலோ மயங்கினாலோ சிவப்பு அட்டை. நூறு மீட்டர் போய் வந்திருந்தாலும் செல்லாது!

பார்த்தீர்களா, எவ்வளவு அழகான விதி! எத்தனை ஆழம் போனாய் என்று மட்டும் கேட்பதில்லை. எப்படித் திரும்பி வந்தாய் என்றும் கேட்கிறார்கள். நம் பள்ளிக்கூடங்களிலும் பரீட்சை எழுதிவிட்டு வரும் குழந்தையிடம் இப்படிக் கேட்டால் தேவலை.

உள்ளே என்ன நடக்கிறது?

கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு பங்காகிறது. நுரையீரலில் உள்ள காற்று பாதியாகச் சுருங்குகிறது. 30 மீட்டரில் கால் பங்கு. 100 மீட்டரில் பதினோரு பங்கில் ஒரு பங்குதான். காதுகளில் வலி எடுக்கும். வாயிலிருந்து காற்றை நடுக்காதுப் பக்கம் தள்ளித் தள்ளிச் சமன் செய்துகொண்டே போகவேண்டும். இது வராவிட்டால் எவ்வளவு பெரிய சூரரானாலும் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் பகவான் நம்மை வெறும் கையோடு அனுப்பவில்லை. முகம் குளிர்ந்த நீரில் பட்டு மூச்சும் நின்றதும், இருதயம் தானாகவே நிதானமாகத் துடிக்க ஆரம்பிக்கிறது. கை கால்களிலிருந்து ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஒதுங்குகிறது. மண்ணீரல் சுருங்கி, தான் சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை ரத்தத்தில் விடுகிறது. திமிங்கிலத்துக்கும் கடல் நாய்க்கும் உள்ள சக்தியில் ஒரு சிறு பங்கு நமக்கும் இருக்கிறது.

முப்பது மீட்டர் அளவைத் தாண்டிய பிறகு இன்னொரு வேடிக்கை. அதுவரை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்த தண்ணீர், அப்புறம் தள்ளுவதில்லை. காலை அசைக்க வேண்டாம். கையை அசைக்க வேண்டாம். கல்லைப் போல் உடம்பு தானாக இறங்கிக்கொண்டே போகிறது. சத்தம் இல்லை, கனம் இல்லை, வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகிக் கறுத்துப் போகிறது. இந்தச் சில விநாடிகளுக்காகத்தான் இந்த வித்தையில் இறங்கியவர்கள் உயிரை விடுகிறார்கள். சில சமயம் நிஜமாகவே விட்டுவிடுகிறார்கள்.

சந்தோஷம் எப்படித் தொலைகிறது?

ஆரம்பத்தில் எல்லாருக்கும் மீன் பார்க்க ஆசை. நீலத்தைப் பார்க்க ஆசை. பிறகு ஒரு நாள் 20 மீட்டர் போகிறார்கள். கைக்கடிகாரம் எண்ணைக் காட்டுகிறது. அடுத்த மாதம் 30. அதற்கடுத்து 40. மீன் எங்கேயோ போய்விடுகிறது. நீலமும் போய்விடுகிறது. எண் மட்டும் மிச்சம்.

முதல் நாளே ஆழத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அன்று இரவு அந்த எண்ணோடுதான் படுக்க வேண்டும். புரண்டு படுத்தால் எண். கண்ணை மூடினால் எண். காலையில் கடலைப் பார்த்தாலே அடிவயிற்றில் ஏதோ பிசைகிறது. முன்பெல்லாம் "எப்போது இறங்குவோம்" என்றிருந்தவர்களுக்கு, "இன்று மழை வந்து போட்டி நின்றுவிடக் கூடாதா!" என்று தோன்றுகிறது.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாட்டுப் பாடுகிறவர் பயந்தால் சுருதி விலகும், அதோடு போகும். மூழ்குகிறவர் பயந்தால் இருதயம் படபடக்கும். சதைகள் இறுகும். இறுகிய சதை பிராணவாயுவை வாரி வாரிச் செலவழிக்கும். தொண்டை இறுகினால் காதைச் சமன் செய்ய வராது. ஆகவே, "போய்த்தான் தீருவேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறவருக்கு, சும்மா இறங்குகிறவரைவிடச் சீக்கிரம் மூச்சு தீர்ந்துவிடுகிறது! மற்ற வித்தைகளில் சந்தோஷம் என்பது பாயசத்தில் போடுகிற முந்திரிப் பருப்பு மாதிரி. இதிலோ அதுதான் அரிசியும் பாலும்.

அந்த நான்கு மீட்டர்

பஹாமாஸ் தீவுகளில் ஒரு கடற்குழி இருக்கிறது. கரையோரத்திலேயே 200 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் நீலக் குழி. 2013-ஆம் வருஷம் நவம்பர் மாதம் அங்கே பெரிய போட்டி ஒன்று நடந்தது. நிக்கோலஸ் மெவோலி என்ற அமெரிக்க வாலிபர் அதில் கலந்துகொண்டார். போட்டிகளுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஆனால் மளமளவென்று மேலே வந்தவர். இல்லை, மளமளவென்று கீழே போனவர் என்று சொல்ல வேண்டும். அந்த வாரம் அவர் முயற்சிகள் சரியாக நடக்கவில்லை. நுரையீரலும் அடி பட்டிருந்தது. இருந்தும் நவம்பர் 17-ஆம் தேதி, காலில் துடுப்பு எதுவும் இல்லாமல் 72 மீட்டர் போவதாக எழுதிக் கொடுத்திருந்தார். அது அவர் தேசத்தின் சாதனையாகியிருக்கும்.

68 மீட்டரில் அவர் நின்றார். திரும்புவது போலத் தெரிந்தது. மேலே இருந்தவர்களுக்கு நிம்மதி. ஆனால் மறு விநாடி, மனத்தை மாற்றிக்கொண்டு மறுபடி கீழே போனார். 72-ஐத் தொட்டார். மேலேயும் வந்தார். விரலால் ஜாடையும் காட்டினார். அப்புறம் நினைவிழந்தார், பிழைக்கவில்லை. அந்தச் சங்கம் நடத்திய போட்டிகளில் அதுவரை யாரும் இறந்ததில்லை.

68-லிருந்து 72. நான்கே மீட்டர். நம் வீட்டுக் கூடத்தின் நீளம்கூட இராது. அவர் மனத்தில் என்ன ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. குற்றம் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. ஆனால் உடம்பு "திரும்பு" என்றபோது எண் "போ" என்றது என்பது மட்டும் வெளியில் தெரிந்தது.

கொரியாவைச் சேர்ந்த ஜேஜூ தீவில், கடலில் மூழ்கிச் சிப்பியும் நத்தையும் எடுத்து ஜீவனம் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். ஹேன்யோ என்று பெயர். கடல் பெண்கள் என்று அர்த்தம். அறுபது வயது, எழுபது வயதுப் பாட்டிமார்கள்கூட இன்றும் இறங்குகிறார்கள்! 2016-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இவர்கள் மரபைப் பாதுகாக்க வேண்டிய உலகச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இவர்களிடையே 'முல்சும்' என்று ஒரு வார்த்தை உண்டு. 'நீர் மூச்சு' என்று சொல்லலாம். மூச்சு முடிகிற சமயத்தில் பாறை இடுக்கில் கொழுத்த நத்தை ஒன்று கண்ணில் படும். "இதையும் எடுத்துக்கொண்டு போய்விடலாமே" என்று ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தவள் மூச்சுக்குப் பதில் நீரை இழுத்துவிடுவாள். அதுதான் முல்சும். மூத்தவள் இளையவளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் இதுதான்: உன் மூச்சு எவ்வளவோ அவ்வளவுதான் உன் கடல்.

அவர்கள் கணக்கில் நத்தை. இவர் கணக்கில் நான்கு மீட்டர். பேராசையின் உருவம்தான் வேறு.

நாற்பது வயதில் ஒரு மாணவி

வருத்தமான விஷயத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இனி நடாலியா மோல்சனோவாவைப் பற்றிக் கேளுங்கள்.

ருஷ்யாவில் 1962-ல் பிறந்தவர். சிறு வயதில் நீச்சல் போட்டிகளில் பெயர் வாங்கினார். கல்யாணம், குழந்தைகள் என்று ஆனதும் நீச்சலை நிறுத்திவிட்டார். அப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம் போட்டிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. (இந்த இடத்தில் நம் வாசகிகள் பலர் அலமாரி மேல் உறை போட்டிருக்கும் வீணையை நினைத்துக்கொள்வீர்கள்.) நாற்பது வயது வாக்கில் ஒரு பத்திரிகையில் இந்த மூச்சடக்கும் வித்தையைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். பத்திரிகை படிப்பதால் கெட்டுப் போகிறவர்கள் மட்டுமல்ல, இப்படி ஆகிறவர்களும் உண்டு என்பதை வீட்டுப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்!

படித்தவர் இறங்கினார். இறங்கியவர், போகிற போக்கில் 41 உலக சாதனைகளைச் செய்தார். 2009-ல் எகிப்துக் கடலில் 101 மீட்டர் போய், நூறு மீட்டரைத் தாண்டிய முதல் பெண்மணி ஆனார். அப்போது அவருக்கு வயது 47. 2013-ல், அசையாமல் நீரில் மிதந்தபடி 9 நிமிஷம் 2 விநாடி மூச்சை அடக்கினார். இந்தப் பக்கத்தைப் படிக்கிற நேரத்தைக் கணக்குப் பாருங்கள், புரியும்.

இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யவில்லை என்பதுதான் விசேஷம். அவர் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முக்கியமான பாடம் கவனத்தைக் குவிப்பது அல்ல, கவனத்தைத் தளர்த்துவது. ஒரு புள்ளியையே உற்றுப் பார்க்காமல், கண்ணுக்கெட்டும் பரப்பு முழுவதையும் ஒரே சமயத்தில் மெத்தென்று பார்ப்பது. எதன் மேலும் மனம் ஒட்டாமல், எதையும் விரட்டாமலும் இருப்பது. அப்படி இருக்கும்போது எண்ணங்கள் அடங்கும்; எண்ணங்கள் அடங்கினால் மூச்சுச் செலவு குறையும். பூஜை அறையில் விளக்கின் முன் உட்கார்ந்திருக்கும் நம் பாட்டிகளுக்கு இது புதிய செய்தி அல்ல.

அவர் கவிதையும் எழுதினார். பாடப் புத்தகமும் எழுதினார். மகன் அலெக்ஸியும் இதே வித்தையில் உலகப் புகழ் பெற்றார். தாயும் பிள்ளையும் ஒரே போட்டியில் இறங்கிப் பதக்கம் வாங்குவது எங்கேயாவது கேட்டதுண்டா?

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 2015 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, ஸ்பெயின் தேசத்து ஃபார்மென்டெரா தீவருகில் சிலருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், நடுவில் தாமும் ஒரு முறை இறங்கினார். போட்டி அல்ல, சாதனை அல்ல. திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

சந்தோஷமாகச் செய்தால் ஆபத்து வராது என்று நான் சொல்லவில்லை என்பதற்காகவே இதையும் எழுதுகிறேன். கடல் யாருக்கும் உறவு அல்ல. சந்தோஷம் வேறு, ஜாக்கிரதை வேறு. இரண்டும் கூடவே போகவேண்டும். முத்துக் குளிக்கிறவன் கீழே இறங்கினால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் ஓர் ஆள் கண் கொட்டாமல் நிற்பான். அந்த ஆள் மைத்துனனாக இருப்பது வழக்கம் என்றும், தங்கை தாலியைக் காப்பாற்றுவதில் அவனைவிட அக்கறை யாருக்கு இருக்கும் என்றும் சொல்வார்கள். இன்றைய விளையாட்டிலும் முதல் விதி அதுதான்: தனியாக இறங்காதே.

பத்து மீட்டர் பிசகு

இனி ஒரு தம்பதி. கில்லோம் நேரி என்பவர் பிரான்ஸ் தேசத்தவர். 2002-ல் இருபதே வயதில் உலக சாதனை செய்தவர். அவர் மனைவி ஜூலி கோத்தியே. அவரும் பிரான்ஸின் சாதனையாளராக இருந்தவர்தான்.

2015 செப்டம்பரில் சைப்ரஸ் தீவில் உலகப் போட்டி. நேரி 129 மீட்டர் என்று எழுதிக் கொடுத்தார். கயிறு விட்டவர்கள் கணக்குத் தவறி 139 மீட்டருக்கு விட்டுவிட்டார்கள்! பத்து மீட்டர் அதிகம். கீழே தட்டைத் தேடிக்கொண்டு போனவர், அந்த முறையில் அதுவரை யாரும் போகாத ஆழத்துக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நினைவு தப்பியது. காவலுக்கு இருந்தவர்கள் தூக்கி வந்து பிழைக்க வைத்தார்கள்.

எழுந்தவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கிறேன்" என்று சூளுரைக்கவும் இல்லை. ஆழச் சாதனைகளை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். அதோடு கடலை விட்டாரா? அதுதான் இல்லை. கயிற்றைத்தான் விட்டார்.

கணவனும் மனைவியும் ஊர் ஊராகப் போனார்கள். உறைந்த பனிக்கடியில் நடந்தார் இவர். நின்றபடியே தூங்கும் ராட்சதத் திமிங்கிலங்களின் நடுவில் மிதந்தார். இதையெல்லாம் மூச்சடக்கிக்கொண்டே படம் பிடித்தார் அந்த அம்மாள். 2019-ல் அந்தப் படம் வெளிவந்தது. அதில் ஆழம் எத்தனை மீட்டர் என்று ஒரு வார்த்தை கிடையாது. பார்த்தவர்களும் கேட்கவில்லை.

ஜூலி அதற்கு முந்தின வருஷமே தனியாக ஒரு காரியம் செய்திருந்தார். இத்தாலியில் 42 மீட்டர் ஆழமுள்ள குளம் ஒன்று இருக்கிறது. அதற்குள் கறுப்பு உடையில் இறங்கி, ஒரு மூச்சில் ஒரு துண்டாக, நீருக்கடியில் நடனம் ஆடினார். வார்த்தையே இல்லாத நடனம். உலகத்துப் பெண்கள் எல்லாருக்கும் அதைச் சமர்ப்பணம் செய்தார். படத்துக்கு வைத்த பெயர் 'அமா'. ஜப்பானில் மூழ்கி முத்தும் சிப்பியும் எடுக்கிற பெண்களுக்கு அந்தப் பெயர்.

சாதனைக்காகக் கற்ற மூச்சு வீணாகவில்லை, பார்த்தீர்களா? போட்டி போன இடத்தில் கலை வந்து உட்கார்ந்துகொண்டது.

குழந்தைகளும் வண்ணப் பேனாவும்

இது கடலுக்கு மட்டும் உள்ள சமாசாரம் அல்ல என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த குழந்தைப் பள்ளி ஒன்றில் நடந்தது, 1973-ல் வெளியிட்டார்கள். வண்ணப் பேனாவால் படம் போடுவதில் ஆசையுள்ள குழந்தைகளாகப் பார்த்து மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். முதல் கோஷ்டியிடம், "படம் போட்டால் நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த நற்சாட்சிப் பத்திரம் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது கோஷ்டியிடம் ஒன்றும் சொல்லாமல், போட்டு முடித்த பிறகு திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை.

சில நாள் கழித்து வகுப்பில் வண்ணப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு ஒளிந்திருந்து பார்த்தார்கள். பரிசை எதிர்பார்த்துப் போட்ட குழந்தைகள், மற்றக் குழந்தைகள் போட்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரந்தான் போட்டார்கள்! எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவே இல்லை. ஆகவே கெடுதல் செய்வது பரிசு அல்ல; "பரிசுக்காகத்தான் செய்கிறேன்" என்கிற எண்ணம்.

தேடிப் பிடிப்பது எப்படி?

சந்தோஷம் தொலைந்த முக்குளிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? அனுபவசாலிகள் சொல்வது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நம் வீட்டுக்கும் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள்.

முதலில், ஆழம் காட்டும் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிறார்கள். சில வாரங்களுக்கு எண்ணே வேண்டாம். பத்து மீட்டர், பதினைந்து மீட்டர் என்று சுலபமான ஆழத்தில் இறங்கி மீனைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கெட்டிக்காரர் ஒருவர் சின்ன ஆழத்தில் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கலாம்; சிரிக்கட்டும். வித்வான் வீட்டில் சரளி வரிசை பாடினால் வித்வத் குறைந்துவிடுமா?

இரண்டாவது, குறிக்கோளை மாற்றுகிறார்கள். "இன்று 60 மீட்டர்" என்பதற்குப் பதில், "இன்று தோளை இறுக்காமல் இறங்குவேன்", "சிரித்த முகத்தோடு மேலே வருவேன்" என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்தக் குறிக்கோளில் தோல்வி வந்தாலும் அவமானம் வராது.

மூன்றாவது, பாதியில் திரும்பிப் பழகுகிறார்கள். இது மிகவும் கஷ்டமான பாடம். போக முடியும் என்று தெரிந்தும், "இன்று போதும்" என்று திரும்புவது. திரும்பத் தெரிந்தவருக்குப் பயம் போய்விடுகிறது. பயம் போன இடத்தில் ஆசை திரும்புகிறது.

நான்காவது, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதல் முதலாக ஐந்து மீட்டர் இறங்கி ஆமையைப் பார்த்துவிட்டு வருகிற பெண்ணின் முகத்தைப் பார்த்தால், தமக்கு மறந்து போனது ஞாபகம் வருகிறது.

ஐந்தாவது, கூட்டமாகப் போகிறார்கள். ஜேஜூ தீவுப் பெண்கள் தனியாக இறங்குவதில்லை. இறங்குமுன் கரையில் நெருப்பு மூட்டி, சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். மேலே வந்ததும் ஒவ்வொருத்தியும் சீழ்க்கை அடிப்பது போல் ஒரு சத்தத்தோடு மூச்சை விடுவாள். அந்தச் சத்தம் கேட்டால், "அவள் வந்துவிட்டாள்" என்று மற்றவர்களுக்கு நிம்மதி. நம் பாம்பன் பக்கத்திலும் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கும்பலாகக் கடற்பாசி எடுக்கப் போகிறார்கள். பிழைப்புக்காகப் படுகிற பாடு அது. விளையாட்டு என்று சொன்னால் பாவம். ஆனாலும் ஒருத்திக்கு ஒருத்தி துணையாகப் போகிறார்கள்.

இத்தனையும் செய்த பிறகு சிலர் போட்டிக்குத் திரும்புகிறார்கள், சிலர் திரும்புவதில்லை. இரண்டும் சரிதான். போட்டியே பாவம் என்று நான் சொல்லவில்லை. எண்ணை நாம் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில் நல்லதுதான். எண் நம்மைப் பிடித்துக்கொண்டால்தான் வம்பு.

அலமாரி மேல் வீணை

"எங்கள் ஊரில் கடலே இல்லை, இதெல்லாம் எனக்கு எதற்கு?" என்கிறீர்களா? கடல் இல்லாவிட்டால் போகிறது. நீங்கள் விட்டுப் போன வித்தை ஒன்று வீட்டில் எங்கேயாவது தூசி படிந்து கிடக்கும். பாட்டோ, பின்னலோ, சித்திரமோ, டென்னிகாய்ட்டோ! "இனிமேல் கற்று எந்த மேடையில் ஏறப் போகிறேன்?" என்று நீங்கள் கேட்கிறீர்களே, அந்தக் கேள்விதான் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் தூசி. மேடை வேண்டாம். உறையைக் கழற்றி, சுருதி கூட்டி, பத்து நிமிஷம் உங்களுக்காக மட்டும் வாசியுங்கள். நாற்பது வயதில் ஆரம்பித்தவர் எவ்வளவு தூரம் போனார் என்று இப்போதுதான் படித்தீர்கள்.

வீட்டில் பாட்டோ நாட்டியமோ கற்கிற பெண் இருந்தால், போட்டிக்குப் போய் வந்த அன்று, "எத்தனையாவது வந்தாய்?" என்ற கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில், "நன்றாயிருந்ததா? சந்தோஷமாகப் பாடினாயா?" என்று கேளுங்கள். அவள் உங்களுக்கு வெள்ளை அட்டை கொடுப்பாள்.

கடைசியாக ஒரு கண்டிப்பான வார்த்தை. இதைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளைகள் குளத்திலோ நீச்சல் தொட்டியிலோ மூச்சைப் பிடித்துப் போட்டி வைக்கப் போகிறார்கள். பையன்களை எனக்குத் தெரியும். துணையில்லாமல் அதைச் செய்யக் கூடாது. தண்ணீருக்குள் போகுமுன் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொள்வதும் கூடவே கூடாது. மூச்சு முட்டுகிற உணர்ச்சியைத் தருவது பிராணவாயுக் குறைவு அல்ல. உள்ளே சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சு வாங்கினால் அது முன்கூட்டியே வெளியே போய்விடும். எச்சரிக்கை மணி அடிக்காமலே மயக்கம் வந்துவிடும். பெரிய நீச்சல்காரர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள்.

ஆகவே, பையன் மூச்சைப் பிடித்தால் நீங்கள் அவன் கையைப் பிடியுங்கள். அவன் மேலே வந்ததும் எத்தனை விநாடி என்று கேட்காதீர்கள். கீழே என்ன பார்த்தாய் என்று கேளுங்கள்.